பதினாலாம் நம்பர் துண்டு

கௌஹோப்,
9 நவம்பர் 1974

அன்புள்ள மருமக அவெரிலுக்கு,

தோர்க்கஸ் அத்தை எழுதிக்கிறது. ஆண்டவர் கிருபையில நாங்க ரெண்டு பேரும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம். வில்ஃப் மாமாவுக்கு முழங்கால்ல வலி. எனக்குத் தாடையில வலி, அது பேசிப் பேசி வந்ததுன்னு அவர் சொல்றாரு. நீயும் மாப்பிள்ளை டெரெக்கும் சளி கிளி இல்லாம இருக்கீங்களா? ஆத்தங்கரைக் காத்து நெஞ்சுக்கு ஆகாது, கழுத்தைச் சுத்திக்கிட்டுப் போ.

உன் லெட்டர் வந்தப்ப கையெல்லாம் மாவு. அப்படியே பிரிச்சுப் படிச்சுட்டேன், உன் எழுத்து மேலெல்லாம் மாவு. குத்தகைத் தோட்டத்துல பதினாலாம் நம்பர் துண்டை உன் பேருக்கே குடுத்துட்டாங்களா! அங்க ஒரு பொம்பளை பேருக்குக் குடுக்கிறது இதுதான் முதல் தடவையா! மாடி வீட்டுல ஜன்னலைப் பாத்துக்கிட்டே ரெண்டு வருஷம் ஓடிருச்சு, தெருவுல ஒருத்தருக்கும் என் பேர் தெரியாதுன்னு நீ எழுதினப்பல்லாம் நான் ஜெபத்துல உனக்காக ஒரு துண்டு மண்ணு கேட்டேன். கேட்டது மண்ணு, வந்தது காடு. முள்ளு தலைக்கு மேல நிக்குதுன்னு எழுதியிருக்க. பரவாயில்ல. அவ்வளவு முள்ளு வளருதுன்னா அடியில மண்ணு நல்ல மண்ணு.

அடுத்த செப்டம்பர் கடைசி சனிக்கெழமை கமிட்டி வந்து அளக்கும், பாதித் துண்டாவது தோண்டிப் பயிர் வெச்சிருக்கணும், இல்லாட்டி சாவியை வாங்கி அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்கன்னு பயந்து எழுதியிருக்க. முழுத் துண்டையும் பாக்காத புள்ள. பாத்தா படுத்துருவ. பழைய படுக்கை விரிப்பு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போ. ஒரு மூலையில விரி. நாலு முனையிலயும் குச்சி நடு. விரிப்பை எடுத்துரு. அன்னைக்கு உன் தோட்டம் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அடுத்தவன் நெலம்னு நெனச்சுக்க. முடிச்சுட்டு வீட்டுக்குப் போய் டீ குடி.

மாமாகிட்டயும் கேட்டேன். முப்பது வருஷமா தோட்டம் போடறவர் இல்லையா. "வேரோட எடுக்கச் சொல்லு"ன்னாரு. பேனாவோட அஞ்சு நிமிஷம் காத்துக்கிட்டிருந்தேன். அதுக்கு மேல வரல.

ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கெழமை மண்வெட்டியைத் தொடாத. ஓய்வுநாள்ல தோண்டின மண்ணுல எனக்கு ஒரு கிழங்குகூட வேண்டாம்.

உனக்காக மண்டியிடுற
தோர்க்கஸ் அத்தை


வால்ஸ்டோ,
24 நவம்பர் 1974

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? சூடான உப்பு ஒத்தடம் கொடுங்கள்.

விரிப்பு யோசனை நன்றாக வேலை செய்கிறது. ஐந்து விரிப்பு முடித்துவிட்டேன். காஞ்சொறி பட்டுக் கை முழுக்கத் தடிப்பு, ஆனாலும் ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது. டெரெக் முள்ளை வெட்டுகிறார், நான் வேரை எடுக்கிறேன்.

இந்தத் தோட்டம் நம் ஊர்த் தோட்டம் மாதிரி இல்லை அத்தை. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் பழைய கதவு, பலகை, தகரம் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து ஆள் உயரத்துக்கு மறைத்திருக்கிறார்கள். எல்லா வாசலிலும் பூட்டு. இங்கே எல்லாருக்கும் லீக்ஸ் என்கிற வெங்காயத் தண்டு மேல் பைத்தியம். செப்டம்பர் போட்டிக்காகத் தொடை கனத்துக்கு வளர்க்கிறார்கள். அடுத்தவர் துண்டுக்குள் கால் வைப்பது பெரிய தப்பு. வருஷத்துக்கு ஒருமுறை கமிட்டி பார்வைக்குத்தான் கதவு திறக்கும்.

என் துண்டு கத்பர்ட் ஹெட்லி என்பவருடையது. உடம்புக்கு முடியாமல் கடைசி சில வருஷம் லீக்ஸ் பாத்தியை மட்டும் பார்த்துக்கொண்டாராம், ஆகஸ்டில் இறந்துவிட்டார். முட்புதருக்கு நடுவில் அவர் வைத்த லீக்ஸ் எட்டு நின்றன. என் கையால் வளைத்துப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு தடிமன். இந்த ஊரில் யாரையாவது பழக்கம் பிடிக்க இதுதான் வழி என்று எட்டையும் நறுக்கி, பார்லி போட்டு, பெரிய அண்டாவில் சூப் வைத்து, சனிக்கிழமை எல்லாரும் குப்பை எரிக்கிற இடத்துக்கு டெரெக்கின் அம்மா கொடுத்த தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனேன்.

பக்கத்துத் துண்டு ஃபென்விக் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தாயி, எங்க அம்மா போனதுக்கப்புறம் இப்படி ஒரு சூப்பு குடிக்கல" என்றார். மூன்று கிண்ணம் குடித்தார். கமிட்டிச் செயலாளர் எல்ட்ரிங்ஹாம்கூட இரண்டு கிண்ணம். ஒரு சொட்டு மிச்சமில்லை.

பிறகு அவர்கள் ஒன்று கேட்டார்கள். நான் சொன்னேன். அதைப் பிறகு எழுதுகிறேன். கை வலிக்கிறது.

அன்புடன்,
அவெரில்


கௌஹோப்,
30 நவம்பர் 1974

அன்புள்ள அவெரிலுக்கு,

கர்த்தர் காத்துக்கிட்டு வர்றாரு, சுகமா இருக்கோம். உப்பு ஒத்தடம் குடுத்தேன், சூடு ஜாஸ்தியாம், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.

என்னடி கேட்டாங்க? நீ என்னடி சொன்ன? இப்படிப் பாதியில விட்டா நான் எப்படித் தூங்குவேன்? ஜெபக் கூட்டத்துல கண்ணை மூடினா உன் சூப்பு அண்டாதான் தெரியுது.

சரி, ஒரு நல்ல சேதி. நம்ம சபைக்குப் புதுக் கம்பளம் போடறாங்க. நடுவுல வாசல்லேர்ந்து பலிபீடம் வரைக்கும் கெடந்த பழைய சிவப்புக் கம்பளத்தைத் தூக்கிப் போடப் போனாங்க. விடுவேனா? போதகரைக் கையோட புடிச்சுக் கேட்டு வாங்கிட்டேன். உருளைக்கெழங்கு லாரிக்காரன்கிட்ட குடுத்து அனுப்புறேன். தோண்டாத பக்கத்துல விரிச்சு, ஓரத்துல கல்லு வையி. வெளிச்சம் படலேன்னா களை செத்துரும். நாப்பது வருஷமா பரிசுத்தவான்கள் நடந்த கம்பளம், அதுக்கு அடியில ஒரு களை தலை தூக்குதான்னு பாப்போம்.

சீக்கிரம் பதில் போடு.

தோர்க்கஸ் அத்தை


வால்ஸ்டோ,
12 ஜனவரி 1975

அன்புள்ள அத்தைக்கு,

புத்தாண்டு வாழ்த்து. கேக் வந்தது, ஒரே நாளில் தீர்ந்தது. இருவரும் நலம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னியுங்கள். எழுத வெட்கமாக இருந்தது.

அன்று அவர்கள் கேட்டது இதுதான். எல்ட்ரிங்ஹாம் கிண்ணத்தை வழித்துவிட்டு, "லீக்ஸ் எந்தக் கடையில வாங்கின, பொண்ணே?" என்றார். "கடையில் இல்லை, என் துண்டிலேயே நின்றது" என்றேன். நெருப்பு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மில்பர்ன் என்பவர் கேட்டார்: "எத்தனை?" "எட்டு." "எட்டும் போட்டுட்டியா?" "எட்டும்தான்."

கத்பர்ட் முப்பது வருஷமாக யாருக்கும் ஒரு நாற்றுக்கூடக் கொடுத்ததில்லையாம். பதினோரு முறை போட்டியில் முதல் பரிசாம். அந்த எட்டுதான் அடுத்த வருஷ விதைக்காக அவர் விட்டுவைத்த தாய்ச்செடிகள். உலகத்தில் அந்த ஜாதி வேறெங்கும் இல்லை. எல்லாரும் குளிர் முடிந்ததும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். நான் பார்லி போட்டு வேகவைத்துவிட்டேன். அவர்களும் குடித்துவிட்டார்கள்.

"சாமி சிலையை விறகாக்கிட்டியே" என்றார் மில்பர்ன். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு என்னிடம் யாரும் பேசுவதில்லை. நான் வருவது தெரிந்தால் கதவைச் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்கிறது. சார்ல்ட்டன் அண்ணன் தம்பி என்று இரண்டு பேர் அடுத்தடுத்த துண்டில் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை, ஆனால் என்னைக் கண்டால் ஒன்றாகத் திரும்பிக்கொள்கிறார்கள். துண்டுக்குக் காத்திருக்கிற வரிசையில் அடுத்த ஆள் மில்பர்னின் மச்சான், கமிட்டியிலும் இவர்கள்தான். செப்டம்பரில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பளம் விரித்துவிட்டோம். தகர இடுக்கு வழியாக அதைப் பார்த்துவிட்டு யாரோ, "உள்ள கல்யாணமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கேலியாவது செய்தார்களே என்று இருந்தது. இன்றைக்கு நானும் டெரெக்கும் இரண்டு விரிப்பு தோண்டினோம். மண் பாதி உறைந்திருக்கிறது.

அவெரில்


கௌஹோப்,
18 ஜனவரி 1975

அன்புள்ள அவெரிலுக்கு,

இங்க சுகம். அங்கயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

உன் லெட்டரைப் படிச்சுட்டு நாற்காலியில உக்காந்து சிரிச்சேன் பாரு, கோழியெல்லாம் பயந்துபோச்சு. பாவம்தான், ஆனா சிரிப்பு வருதே. எல்லாரும் நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டுக் குடிச்சுட்டு இப்ப உன்னை மட்டும் குத்தம் சொல்றாங்களா? உன் மேல கோவம் இல்ல அது, தங்கள் வயித்து மேல கோவம். மாமாகிட்ட சொன்னேன். எட்டுன்னு கேட்டதும் தொப்பியைக் கழட்டினாரு.

இவ்வளவு எழுதிட்டு, காலண்டரைப் பாத்தேன். நீ லெட்டர் எழுதின பன்னெண்டாம் தேதி ஞாயித்துக்கெழமை. "இன்றைக்கு ரெண்டு விரிப்பு தோண்டினோம்"னு எழுதியிருக்க. பழைய லெட்டரை எடுத்துப் பாத்தேன். அதுவும் ஞாயித்துக்கெழமை, அதுலயும் கை வலி.

நான் ஒண்ணும் சொல்ல வரல.

தோர்க்கஸ்


வால்ஸ்டோ,
2 மார்ச் 1975

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்பும் மாமாவின் முழங்காலும் எப்படி என்று தெரியவில்லை. பிப்ரவரியில் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

மறைத்தது தப்பு. கப்பல் பட்டறையில் டெரெக்குக்குச் சனிக்கிழமையும் வேலை. எனக்கும் ரொட்டிக் கடையில் ஆறு நாள். இருவரும் சேர்ந்து வெளிச்சத்தில் நிற்கிற ஒரே நாள் அதுதான். காலையில் ஆராதனைக்குப் போய்விட்டுத்தான் போகிறோம்.

கோபித்துக்கொண்டாவது நாலு வரி எழுதுங்கள்.

அவெரில்


வால்ஸ்டோ,
11 மே 1975

அத்தைக்கு,

நலம். டெரெக்குக்கு முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாளாகப் படுக்கை. மழை பெய்து, தோண்டின இடத்திலேயே மறுபடி புல் முளைத்துவிட்டது. யாருமில்லாத இடத்தில் யாருக்காகத் தோண்டுகிறேன் என்று தெரியவில்லை. மே கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். கம்பளத்தை என்ன செய்வது?

அவெரில்


கௌஹோப்,
14 மே 1975

என் தங்கமே அவெரில்,

சுகமா இருக்கோம், அதைப் பத்தி அப்புறம். சாவியைக் குடுத்துராத! இந்த லெட்டரைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் சாவியைப் பையை விட்டு எடுக்காத.

நாலு மாசமா உனக்கு எழுதல. முதல்ல கோவம். கோவம் மார்ச்சுல போச்சு. அப்புறம் வெட்கம், அதுதான் ரொம்ப நாள் நின்னுச்சு. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். உன் மார்ச் மாச லெட்டரை மாமாகிட்ட படிச்சுக் காட்டி, "பாத்தீங்களா, ஓய்வுநாள்ல மண்ணைத் தோண்டிட்டு நியாயம் பேசுறா"ன்னேன். அன்னைக்கும் ஞாயித்துக்கெழமைதான். நான் அடுப்படியில நிக்கிறேன். காலையில ஆறு மணிக்கு எழுந்து மாட்டுக்கறியை அடுப்புல வெச்சு, கெழங்கு உரிச்சு, புட்டிங்கைத் துணியில கட்டி வேகவெச்சு, வேர்த்து வழிஞ்சுக்கிட்டு நிக்கிறேன். அவர் என்னைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்தாரு. "உனக்கு எந்தக் கெழமை ஓய்வு, தோர்க்கஸ்?"னு கேட்டாரு.

முப்பத்திரண்டு வருஷம். ஒரு ஞாயித்துக்கெழமையாவது நான் உக்காந்திருக்கேனா? போதகர்கிட்டயும் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறதுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்குன்னா, ஆண்டவரும் மூணாவது ஆளா நிப்பாரு"ன்னாரு. எனக்கு இன்னும் முழுசா மனசு ஒப்பல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா உன்னைவிட என் சட்டம் பெருசா எனக்கு?

இப்ப தோட்டத்துக்கு வர்றேன். புல் திரும்ப முளைச்சுதுன்னு அழுவாத. முதல் வருஷம் அது முளைக்கும். முளைச்சது வேர் இல்லாத புல்லு, ரெண்டு விரலால எடுத்துரலாம், முதல்ல எடுத்தியே அதுமாதிரி இல்ல. போய்ப் பிடுங்கிப் பாரு. அப்புறம் ஒண்ணு, நீ எந்தப் பக்கம் பாத்து நின்னு தோண்டுற? காட்டைப் பாத்து நின்னு தோண்டுவ, அதான் மனசு விடுது. திரும்பு. காட்டுக்கு முதுகைக் காட்டு. தோண்டினதைப் பாத்து நின்னுக்கிட்டுப் பின்பக்கமா போ. கண்ணுக்கு முன்னால எப்பவும் நீ செஞ்சு முடிச்சது இருக்கணும். செய்யாதது பின்னால நிக்கட்டும், அது எங்கயும் ஓடிடாது.

பீன்ஸ் இப்ப போடலாம். கெழங்கு தாமதம்தான், ஆனாலும் வரும். பூசணி ஒரே ஒரு செடி வெச்சாலும் கால் துண்டை அடைச்சுக்கும், கமிட்டிக்காரன் கண்ணு நெறையும். மாப்பிள்ளை முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கேன், நாத்தம் தாங்காது, வலியும் தாங்காது.

யாருக்காகத் தோண்டுறேன்னு கேட்டிருக்க. எனக்காகத் தோண்டுடி. ஒரு பீன்ஸ் அனுப்பு, போதும். ஞாயித்துக்கெழமை பறிச்சதா இருந்தாலும் தின்னுடுவேன்.

மன்னிச்சுக்க.
தோர்க்கஸ் அத்தை


வால்ஸ்டோ,
6 ஜூலை 1975

என் அன்பான அத்தைக்கு,

நாங்கள் சுகம், டெரெக் எழுந்துவிட்டார். தைலத்தின் நாற்றத்துக்குப் பயந்துதான் எழுந்தார். மாமா இப்போது நன்றாக நடக்கிறாரா? சாவி என் பையில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தையும் சாவியோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

திரும்பி நின்று தோண்டினேன். சிரிக்காதீர்கள், அந்த ஒரு விஷயத்தில் எல்லாம் மாறிவிட்டது. பீன்ஸ் பந்தல் ஏறிவிட்டது. இதோடு ஆறு பீன்ஸ் வைத்திருக்கிறேன், என்றைக்குப் பறித்தது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது ஒரு ரகசியம். யாரிடமும் சொல்லாதீர்கள்.

போன மாதம் ஒரு நாள் மழை. தோட்டத்தில் யாருமில்லை. என் கதவில் யாரோ விரலால் தட்டினார்கள். ஃபென்விக். கோட்டுக்குள்ளிருந்து ஈரச் செய்தித்தாள் சுருள் ஒன்றை எடுத்தார். உள்ளே நாலு லீக்ஸ் நாற்று. "தாயி, மூணு கிண்ணம் குடிச்சவன் நான். மனசு உறுத்துது. இது எங்க அப்பா காலத்து ஜாதி. வெளியில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா நான் தெருவுல நடக்க முடியாது" என்றார்.

மூன்று நாள் கழித்து சார்ல்ட்டன் மூத்தவர். நாலு நாற்று. "எங்க தம்பிக்குத் தெரியக்கூடாது." மறுநாள் இளையவர். "எங்க அண்ணனுக்கு மட்டும் தெரியவே கூடாது." அடுத்த வாரம் செயலாளர் எல்ட்ரிங்ஹாம், நாலு நாற்றையும் குத்தகைப் புத்தகத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். கடைசியில், நம்பமாட்டீர்கள், மில்பர்ன்! நாற்றை வாளிக்குள் போட்டு மேலே சாணம் கொட்டி மறைத்திருந்தார். "இது எப்படியும் தூக்கிப் போடற நாத்து. இதுக்காக என் ஓட்டு உனக்குன்னு நெனைச்சுக்காத. நீ பாதி தோண்டலேன்னா இடம் என் மச்சானுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, நடுவதற்கு எவ்வளவு ஆழம் என்று விரலால் காட்டிவிட்டுப் போனார்.

ஐந்து பேரும் தன்னைத் தவிர யாரும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறார்கள். வெளியே பார்த்தால் இப்போதும் கதவைச் சாத்துகிறார்கள்! நாற்றெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். எங்கே நடுவது என்று தெரியவில்லை. ஒன்றையொன்று தெரியாமல் மூலைக்கு மூலை பிரித்து நடட்டுமா?

இன்னொன்று. நேற்று நானே அடி வைத்து அளந்தேன். இதே வேகத்தில் போனால் செப்டம்பரில் பாதிக்கு மூன்று கஜம் குறையும்.

அவெரில்


கௌஹோப்,
10 ஜூலை 1975

அன்புள்ள அவெரிலுக்கு,

ஸ்தோத்திரம்! சுகம், சுகம். பீன்ஸை வெண்ணெயில போட்டுத் தின்னோம். மாமா தட்டைத் தொடச்சு வெச்சாரு.

நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? மாமாகிட்ட சொன்னேன், அது கிணத்துல போட்ட மாதிரி.

நாத்தை மூலைக்கு மூலை நடாத. வாசலைத் தொறந்ததும் வலது கைப் பக்கம் பாத்தி ஒண்ணு காலியா இருக்குன்னு முன்னால எழுதியிருந்தியே, அங்க நடு. அஞ்சு வரிசை, பக்கத்துல பக்கத்துல, ஒண்ணோட ஒண்ணு கலக்காம நேரா. அங்கதான் நல்ல வெயில் விழும். லீக்ஸுக்கு வெயில் வேணும்.

மூணு கஜம் குறையுமா? முடிஞ்ச வரைக்கும் தோண்டு. மிச்சத்துக்கு நான் முழங்கால் போடறேன்.

இங்க ஹார்மோனியப் பொட்டிக்குள்ள எலி குட்டி போட்டுருச்சு, ரெண்டாவது பாட்டுலதான் தெரிஞ்சுது. அதை அடுத்த லெட்டர்ல எழுதுறேன், கோழிக்கு நேரமாச்சு.

தோர்க்கஸ் அத்தை


வால்ஸ்டோ,
28 செப்டம்பர் 1975

என் அன்பான அத்தைக்கு,

சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருங்கள், நூறு வருஷம் இருங்கள்.

நேற்று கமிட்டி வந்தது. எல்ட்ரிங்ஹாம் புத்தகத்தோடு முன்னால், பின்னால் ஃபென்விக், சார்ல்ட்டன்கள், அளவுக் கோலோடு மில்பர்ன். கதவைத் திறந்தேன். முந்தின நாள் இருட்டும் வரை தோண்டியும் இரண்டரை கஜம் குறைந்தது.

உள்ளே வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வலது பக்கம் ஐந்து வரிசை, வரிசைக்கு நாலு. ஒன்றின் இலை நீலம் ஓடினது, ஒன்று யானைக் காது மாதிரி மடிந்தது. நான் சொல்ல வேண்டியதே இல்லை அத்தை. இவர்கள் தங்கள் பிள்ளையைக் கூட்டத்தில் தவறவிட்டாலும் விடுவார்கள், தங்கள் லீக்ஸை இருட்டிலும் தெரிந்துகொள்வார்கள்.

முதலில் ஒவ்வொருவரும் தன் வரிசையைப் பார்த்தார். அப்புறம் பக்கத்து வரிசையை. அப்புறம் ஒருவரையொருவர். ஃபென்விக்கின் பைப் அணைந்துவிட்டது, உறிஞ்சிக்கொண்டே இருந்தார். சார்ல்ட்டன் மூத்தவர் தம்பியிடம், ஆறு வருஷத்துக்குப் பிறகு, "நீ எப்ப குடுத்த?" என்றார். "நீ எப்ப குடுத்த?" என்றார் தம்பி.

மில்பர்ன் மட்டும் எதையும் பார்க்காதவர் மாதிரி கோலைத் தூக்கிக்கொண்டு போய் அளந்தார். திரும்பி வந்து, "ரெண்டரை கஜம் குறையுது. விதின்னா விதி. இடம் என் மச்சானுக்கு" என்றார்.

எல்ட்ரிங்ஹாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். "விதியையே படிச்சுருவோம். துண்டு கைமாறினா, அன்னைக்கு மண்ணுல நிக்கிற பயிரெல்லாம் புதுசா வர்றவருக்குச் சேரும்."

"ஆமா," என்றார் ஃபென்விக். "கத்பர்ட்டோடது இந்தப் பொண்ணுக்கு வந்த மாதிரி."

"அப்ப இந்த அஞ்சு ஜாதியும் உன் மச்சானுக்கு, மில்பர்ன்."

மில்பர்ன் பாத்தியைப் பார்த்தார். முகம் கம்பளத்தின் நிறத்துக்கு வந்தது. "அவனுக்கா? அந்தச் சோம்பேறிக்கா? என் லீக்ஸையா?" என்று கத்திவிட்டார்.

கத்தின பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"உன் லீக்ஸா?" என்றார்கள் நாலு பேரும் ஒன்றாக. அத்தை, சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஃபென்விக் என் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்தார். மில்பர்ன் எல்லாரையும் முறைத்தார். பிறகு கோலைக் கொட்டகை மேல் சாய்த்துவிட்டு, என் மண்வெட்டியை எடுத்து, குறைந்த இடத்தில் குத்தினார். "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, ரெண்டரை கஜம் ஒரு வேலையா? இருட்டுறதுக்குள்ள முடிச்சா இன்னைக்குக் கணக்குதானே!" ஐந்து பேரும் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் தோண்டிவிட்டார்கள். எல்ட்ரிங்ஹாம் புத்தகத்தில் எழுதினார்: பதினாலாம் நம்பர், திருமதி அவெரில் ஹெஸ்லாப், நிரந்தரம்.

இன்று காலை ஆராதனைக்குப் போகும்போது தெருவில் மூன்று பேர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மத்தியானம் தோட்டத்துக்குப் போனால் ஒரு கதவும் சாத்தியிருக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். வாசல் பக்கம் வரிசையாக நடச் சொன்னீர்களே. இப்படி நடக்கும் என்று தெரிந்துதானே சொன்னீர்கள்?

உங்கள்
அவெரில்


கௌஹோப்,
2 அக்டோபர் 1975

அன்புள்ள அவெரிலுக்கு,

ஆண்டவருக்கு மகிமை! உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன், ஒரு தடவை சபையில எழுந்து நின்னு சத்தமாவும் படிச்சேன். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நேரமாச்சுன்னு போதகர் கையைக் காட்டினாரு. நான் மில்பர்ன் கத்தின இடம் வரைக்கும் படிச்சுட்டுத்தான் உக்காந்தேன்.

நீ கேட்டதுக்குப் பதில். அங்க வெயில் நல்லா விழும். லீக்ஸுக்கு வெயில் வேணும். அதுக்காகத்தான் சொன்னேன். ஆண்டவர் வேற காரியத்துக்கு அதைப் பயன்படுத்திக்கிட்டா அது அவர் இஷ்டம், நான் யாரு அவரைக் கேள்வி கேக்க?

இப்ப குளிர் வருது, மூச்சு விடு. மிச்சப் பாதியை அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விரிப்பு விரிப்பா. போன ஞாயித்துக்கெழமை நான் குளிர்ந்த கறியும் ரொட்டியும் வெச்சுட்டு மத்தியானம் முழுக்க உக்காந்திருந்தேன். கையை எங்க வெக்கிறதுன்னே தெரியல. பழகிக்குவேன்.

எழுதிக்கிட்டு இருக்கறப்பவே மாமா வந்து என் தோளுக்குப் பின்னால நிக்கிறாரு. முப்பத்திரண்டு வருஷத்துல நான் லெட்டர் எழுதறப்ப இந்தப் பக்கம் வந்ததே இல்ல. ரெண்டு தடவை தொண்டையைக் கனைச்சுட்டு, அஞ்சுல எது பெருசுன்னு கேக்கச் சொல்றாரு. யாரோடதுன்னு பேரு வேண்டாமாம். வாசல்லேர்ந்து எத்தனாவது வரிசைன்னு மட்டும் எழுதினா போதுமாம்.

ஒரே ஒரு நாத்து, அவெரில். செய்தித்தாள்ல சுத்தி, கேக் டப்பாவுக்குள்ள வெச்சு, மேல எதையாவது போட்டு மறைச்சு அனுப்பு. இந்த ஊருல ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு சொல்றாரு.

தோர்க்கஸ் அத்தையும், மொத மொதலா, வில்ஃப் மாமாவும்